லூர்து அக்காவின் தாலாட்டு

நேற்று வாங்கிய சோப்பின் உறையைப் பிரித்ததும் எலுமிச்சை மணம் குப்பென்று ஏறியது. குளிக்கப் போனவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "உள்ளயே தூங்கிட்டியா?" என்று வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை அப்படியே இருந்தேன்.

நான் முதன்முதலில் வேலைக்குப் போனது இந்த மணத்துக்குள்தான். தட்டாஞ்சாவடியில் சின்ன சோப்புக் கம்பெனி. சாயங்காலம் பஸ் ஏறினால் "யாரு சென்ட் அடிச்சிருக்கறது?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். நானும் ராணி மாதிரி நிமிர்ந்து உட்காருவேன். எங்கள் தயிர்சாதம்கூட எலுமிச்சையாக மணக்கும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்!

பக்கத்தில் நின்று சோப்புக்கு உறை போட்டவள் லூர்து அக்கா. கை அதுபாட்டுக்கு ஓட, வாய் பாட்டுக் கட்டும். சூப்பர்வைசரின் தொப்பையைப் பற்றிக்கூட ஒன்று இருந்தது. அவர் வந்தால் அது மாதா பாட்டாக மாறிவிடும். ஆனால் மகளுக்காக அவள் கட்டிய தாலாட்டைப் பாடினால் யாரும் சிரிக்க மாட்டோம். வார்த்தை, மெட்டு எல்லாம் அவளுடையவை. ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவு செய்து நெட்டில் போட்டாள். சாப்பாட்டு வேளையில் எல்லோரும் அதைத்தான் கேட்போம்.

பிறகு தொண்டையில் கட்டி. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அந்த வருட மழையில் அவள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, பாட்டு இருந்த போனும் போனது. நெட்டில் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டோம்.

ஒருநாள் தவளக்குப்பத்தில் இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். எதிர் மொபைல் கடையில் அவள் குரல்! பின்னால் டமடமவென்று மேளம். கடைக்காரர் போனை எட்டிப் பார்த்தால், எழுதி இசையமைத்தவர் என்று யாரோ ஒருவன் பெயர். பதறிப்போய் அவள் போட்டதைத் தேடினோம். காப்புரிமை மீறல் என்று அதைத் தூக்கியிருந்தார்கள். அவன் கொடுத்த புகார்.

அக்கா தன் புதுப் போனில் தட்டிக் காட்டினாள்: "என் பாட்ட நானே திருடிட்டனாம்."

ஸ்டூடியோவைத் தேடிப் போனோம். மூடி, மெஷின்களை விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். கடைசியில் ஒரு வக்கீல் அம்மா அவனுக்கு நோட்டீஸ் அனுப்பினார். பாட்டு அக்காவுடையதுதான் என்று கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டோம்.

"க்கா, அவன் போட்டத தூக்கறதுக்கு முன்னாடி போன்ல எறக்கி வெச்சுக்கலாம். உன் கொரலு அதுல இருக்குல்ல?" என்றேன்.

அக்கா வேகமாகத் தட்டினாள்: "அவன் பேரு போட்ட பாட்டு என் போன்ல இருக்கக் கூடாது. உன் போன்லயும் வேணாம்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இறக்காமலே போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவன் பயந்து பாட்டை எடுத்துவிட்டான். கம்பெனியில் மிட்டாய் கொடுத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது மகள் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். "அம்மா கொரலு அது ஒண்ணுலதான இருந்துச்சு."

அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். தேடு, தேடு என்று போனைக் காட்டினாள். எல்லோரையும் கேட்டோம். எல்லோருமே நெட்டில் கேட்டவர்கள்தான். தவளக்குப்பத்துக் கடைக்காரரும் உதட்டைப் பிதுக்கினார்: "நெட்லதான்கா போட்டேன். இப்ப வரமாட்டேங்குது." நெட்டில் பாட்டை வைத்திருந்த நிறுவனத்துக்கு, அக்கா முதலில் போட்டதையாவது கொடுங்கள் என்று எழுதினோம். நீக்கியதைத் திருப்பித் தர முடியாது என்று பதில் வந்தது.

அக்கா வார்த்தைகளை ஒன்றுவிடாமல் தட்டிக் கொடுத்தாள். மெட்டை எப்படித் தட்டுவது? என்னைப் பாடச் சொன்னாள். நான் பாடினால் மாவு மெஷினே தேவலாம். இருந்தாலும் பாடினேன். இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி பாடினேன். கையை உயர்த்தித் தாழ்த்தி, இப்படிப் போக வேண்டும் என்று காற்றில் காட்டினாள். மகளும் பாடிப் பார்த்தாள். அதுவும் இல்லை. அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.