கவனிக்கும் பிள்ளை, கவனிக்காத பிள்ளை

பெங்களூரு சிவாஜிநகர் பக்கம் இருக்கும் எங்கள் பெண்கள் பள்ளியில் நான் இருபது வருடமாகக் கணக்கு மிஸ். ஒரு நாள் தலைமையாசிரியை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "எட்டாவதுக்கு ஏ.ஐ. வருது. நீங்கதான் எடுக்கணும்" என்றார். அதில் எனக்கு ஆனா ஆவன்னா கூடத் தெரியாது என்றேன். "கணக்கு தெரியுமில்ல? ஆய்த்து, அவ்ளோதான், போங்க" என்று பேச்சை முடித்துவிட்டார். இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஆளுக்கொரு சமோசா. செயற்கை நுண்ணறிவு ஆசிரியை ஆகிவிட்டேன்.

பிள்ளைகளைவிட ஒரே ஒரு பாடம் முன்னால் படித்துவைத்துக்கொண்டு ஓட்டினேன். தெரியாததைக் கேட்டுவிட்டால் மானம் போய்விடுமே என்ற பயத்தில் வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

முதல் செய்முறை வாழைப்பழம். ஏலக்கிப் பழத்தை ஐம்பது படம், பச்சைப் பழத்தை ஐம்பது படம் எடுத்து, எது எது என்று பெயர் போட்டுக் கணினிக்குக் காட்ட வேண்டும். பிறகு புதிதாக ஒரு பழத்தைக் காமிரா முன்னால் நீட்டினால் அதுவே சொல்லிவிடும். சொன்னது. வகுப்பே கைதட்டியது. பழங்களையும் தின்று தீர்த்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தெம்பில்தான் ஆண்டுக் கண்காட்சிக்குப் பெரிதாக ஒன்று செய்யலாம் என்று இறங்கினேன். கவனிக்கும் பிள்ளை, கவனிக்காத பிள்ளை. பார்த்தவுடன் கணினி பிரித்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை உட்காரவைத்து, "எல்லாரும் கவனிங்க!" என்று ஓர் அதட்டல் போட்டுப் படம் எடுத்தேன். அப்புறம், "இப்ப கவனிக்காத மாதிரி இருங்க" என்றேன். அவர்களுக்குக் கொண்டாட்டம். ஒருத்தி டெஸ்க்கில் தலைசாய்த்தாள், ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் சடையை இழுத்தாள், பலர் நோட்டில் கிறுக்கினார்கள். எல்லாப் படங்களுக்கும் நானே உட்கார்ந்து பெயர் போட்டேன்.

சிஸ்டருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒன்பதாவதில் ஏ.ஐ.யை விருப்பப் பாடமாக எடுக்க முப்பது பேருக்குத்தான் இடம். "மார்க்கோட இதையும் சேர்த்துப் பாருங்களேன்" என்றார். ஒரு வாரம் மடிக்கணினியை ஒவ்வொரு பெஞ்சாகத் திருப்பி வைத்தேன். ஐந்து நாளும் கவனிக்காத பிள்ளை என்று வந்தவள் ஒருத்திதான். மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம். நான் பாடம் நடத்தும்போதெல்லாம் அவள் பென்சில் நோட்டின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கோடு, கட்டம், அம்பு. அதற்காகவே பலமுறை திட்டியிருக்கிறேன். அந்தப் பாடத்துக்கு இடம் கேட்டு முதலில் பெயர் கொடுத்தவளும் அவள்தான். பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். கணினியே சொல்லிவிட்டது, எனக்கென்ன என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அப்பாவைக் கூட்டிவரச் சொல்லி டைரியில் எழுதினேன்.

அவர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்பவர். விரலிடுக்கில் எண்ணெய்க் கறையோடு வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார். மகளும் பக்கத்தில் நின்றாள்.

"என்னா மிஸ் தப்பு பண்ணிச்சு பாப்பா?"

கண்ணால் பார்க்கட்டும் என்று மடிக்கணினியைத் திறந்துவைத்து விளக்க ஆரம்பித்தேன். டேட்டா, மாடல், சதவீதம் என்று ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பொரிந்து தள்ளினேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "புரிஞ்சுதுங்களா?" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். ஒண்ணுமே புரியல. பட்டறைல ஜாப் ஒண்ணு பாதில நிக்குது, நெனப்பெல்லாம் அங்கயே கீது."

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். காமிரா அவர் பக்கம் திரும்பியிருந்தது. 'கவனிக்கும் பிள்ளை' என்று அவர் முகத்தின் மேல் பச்சையாக எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள்தான் மெல்லச் சொன்னாள்: "மிஸ், அது கையத்தான் பாக்குது."

"என்ன கை?"

"போட்டோ எடுக்கறப்ப நீங்க கவனிங்கன்னீங்க இல்ல? எல்லாரும் கை கட்டினோம். அத வச்சுத்தான் அது கத்துக்கிச்சு. கை கட்டினா கவனிக்கறாங்க, பென்சில் புடிச்சா கவனிக்கல."

அவளே காமிரா முன்னால் வந்து கையைக் கட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பச்சை. அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஓரத்துக் கட்டங்களும் அம்புகளும் நான் நடத்திய பாடங்கள்தான், வரிசை பிசகாமல். வாழைப்பழம்கூட இருந்தது.

"எப்பத்துலேந்து தெரியும் உனக்கு?"

"ரெண்டாவது நாளே மிஸ்."

"ஏன்டி சொல்லல?"

அப்பாவை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "நீங்க நான் கவனிக்கலன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் சொன்னா திட்டுவீங்க."

வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை. கோலார் தங்கவயலில் நான் படித்த காலத்தில், சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து என் பள்ளிக்கூடத்துக்கு வரும் அப்பாவும் இப்படித்தான் கை கட்டி நிற்பார். அவரிடம் பேசிய டீச்சரை எனக்குப் பிடிக்காது. "உங்க பொண்ணு மேல தப்பில்லங்க, என் மேலதான்" என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் அதற்கும் தலையை ஆட்டினார், கையை மட்டும் பிரிக்கவில்லை.

நேராக சிஸ்டரிடம் போனேன். "லிஸ்ட்டக் கிழிச்சிடுங்க சிஸ்டர். மெஷின் நான் சொல்லிக்குடுத்தத சரியாத்தான் கத்துக்கிச்சு. நான்தான் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்."

"அப்போ எக்ஸிபிஷனுக்கு?"

"வாழைப்பழமே இருக்கட்டும்."

சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பட்டியலை என்னிடமே கொடுத்தார். மார்க்கை மட்டும் வைத்து எழுதினோம். அவளுக்கு இடம் கிடைத்தது.

ஜூன் மாதம் ஒன்பதாவது வகுப்பின் முதல் நாள். முப்பது பேர். பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பி, பழக்க தோஷத்தில், "எல்லாரும் கவனிங்க" என்றேன். முப்பது பேரும் கையைக் கட்டினார்கள். மூன்றாவது பெஞ்சில் அவளும் கட்டியிருந்தாள். அவள் நோட்டு மூடியிருந்தது, பென்சில் அதன் மேல் கிடந்தது.

கிட்டே போய், "நீ எழுதும்மா, பரவால்ல" என்றேன்.

"வேணாம் மிஸ்" என்றாள். "இப்பல்லாம் கவனிக்கிறேன்."