நகரசபையிலிருந்து வந்தவர்

சாவகச்சேரியில் நான் ஆசிரியராக இருந்த காலம். அடுத்த காணிக்காரர் மிளகாய் அரைக்கும் மில் போட அனுமதி கேட்டிருந்தார். மிசின் வரப்போவது எங்கள் வேலியோரம் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் கைக்குழந்தை. பயந்துபோய் எதிர்ப்பு மனு எழுதினேன். எங்கள் ஒழுங்கையில் இருந்த வீட்டுக்காரர் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்.

விசாரிக்க நகரசபையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். மெலிந்த, கறுத்த மனிதர். வெள்ளைச் சேட்டுப் பையில் இரண்டு பென்சில்கள். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து முடித்த பிறகுதான் எதற்கும் வாய் திறப்பார்.

மனுவை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"வடிவா எழுதியிருக்கிறியள், மாஸ்டர். மில்லுக்காரரோடை ஒருக்காக் கதைச்சனீங்களோ?"

"இல்லை" என்றேன். வெட்கமாக இருந்தது.

"அப்ப வாங்கோ, போய்க் கதைப்பம்."

மில்லுக்காரர் எங்களைக் கண்டதும் பதறிப்போய்ப் பாயை விரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பிள்ளை நித்திரை கொள்ளுறது இந்தப் பக்க அறையிலையோ? எனக்குத் தெரியாது, தம்பி. அப்ப மிசினைப் பின்கோடியிலை வைக்கிறன். அங்காலை வயல்தானே" என்றார் அவர்.

வந்தவர் அதைப் படமாக வரைந்து, ஆறு மணிக்குமேல் ஓட்டக்கூடாது என்று ஒரு வரியும் சேர்த்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மில் வந்தது. பிள்ளையும் நன்றாகவே தூங்கினாள். நகரசபைக் கந்தோரில் மேசையில் இருந்தபடியே அவர் என் மனுவை ஏற்றிருக்கலாம், தள்ளியிருக்கலாம். ஏன் மினக்கெட்டு வந்தார் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. நான்கு வருடம் அங்கே குடியிருந்தும், அடுத்த வீட்டுப் படலையை நான் முதன்முதலாகத் திறந்தது அன்றைக்குத்தான்.