இருநூற்றுப் பன்னிரண்டு குட்டிக் கிழங்குகள்

எங்கள் காலிம்போங் மலைச் சரிவில் கிளாடியோலஸ் செடி பூவுக்காக அல்ல, விதைக்கிழங்குக்காகத்தான் வளர்க்கப்படுகிறது. நிம்கித் லெப்சா பதினான்கு வருஷமாக தன்பீர் ராயின் நாற்றுப் பண்ணையில் வேலை செய்துவந்தாள். எருக்குழியும் மணலும் நாற்றுப் பாத்தியும் அவள் பொறுப்பு. சரிவின் கீழே அவளுக்கென்று ஒரு துண்டு நிலமும் உண்டு. அதிகம் பேசமாட்டாள், அவள் கை வைத்த பாத்தி கெட்டதில்லை என்று ஊரே சொல்லும்.

தன்பீரின் மனைவி இந்திரமாயா இரண்டு ரகங்களைச் சேர்த்து, ஏழெட்டு வருஷம் பொறுத்திருந்து, ஒரு புதுப் பூவை உண்டாக்கினாள். இதழ் வெளிர் ஆரஞ்சு, உள்ளே இளம்பச்சைக் கீற்று. வேறு எவரிடமும் அது கிடையாது. ஒரு ஆகஸ்டில் அவள் நோயில் இறந்தாள். அடுத்த வாரமே அந்தப் பூ வளர்ந்த பாத்தியிலும் நோய் விழுந்தது. இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாயின. தோண்டினால் கிழங்கின் அடி பழுப்பாகக் குழைந்திருந்தது. பாழாய்ப்போன மழை என்றார் தன்பீர். பாத்தியின் மேட்டு ஓரத்தில் நோய் தொடாமல் நின்ற சில செடிகளின் வேரடியிலிருந்து நிம்கித் குட்டிக் கிழங்குகளைப் பொறுக்கினாள். கொண்டைக்கடலையைவிடச் சிறியவை. எண்ணினால் இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த ரகத்தில் உலகத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அடுத்த மார்ச்சில் நடவு. மேலோடு இளகட்டும் என்று நிம்கித் குட்டிகளை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து வந்தபோது, தன்பீர் ஒரு மூட்டை கோழி எருவோடு பாத்தியருகே நின்றிருந்தார்.

"அண்ணே, அத இதுல போடாதீங்க," என்றாள்.

"ஆகஸ்டுல அவளுக்கு வருஷத் திதி. அன்னிக்கு அவ பூ நிக்கணும். நல்லா சத்து குடுத்தா வந்துடும்."

குட்டி பூக்க இரண்டு வருஷம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் மூட்டையின் வாயை அவிழ்த்தார். நிம்கித் அதன் மேல் கை வைத்தாள்.

"இது மக்காத எரு. உள்ள சூடு அடங்கல."

"கைய எடு. எம் பொண்டாட்டி பூவுக்கு என்ன போடணும்னு நீ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

அவள் கையை எடுக்கவில்லை.

"போன வருஷம் அழுகினது மழையால இல்லண்ணே. என்னால. அக்கா ஆஸ்பத்திரில இருந்தப்போ நானும் அங்கயும் இங்கயும் ஓடிட்டிருந்தேன். எருவப் பொரட்டிவிட நேரமில்ல. கை வச்சா சுட்டுச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்."

தன்பீர் மூட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள போயிட்டாங்க."

அவர் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஏறிப் போனார். வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஆனால் ஊறிய குட்டிகள் காத்திருக்காதே. ரெல்லி ஆற்று மணலைக் கழுவி, இரண்டு வருஷம் மக்கிய இலை உரத்தோடு சரிபாதி கலந்து, மண்புழு உரம் சிறிதே சேர்த்துப் பாத்தியை நிரப்பினாள். இரண்டு விரல் ஆழத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

பிறகு காத்திருப்பு. பத்து நாள், பதினைந்து நாள், ஒன்றும் முளைக்கவில்லை. தன்பீர் தினமும் காலையில் வந்து பாத்தியின் தலைமாட்டில் நிற்பார். நிம்கித் அவர் போகும்வரை நிமிராமல் களை பிடுங்குவாள். இந்தத் தடவையும் போனால் ஊரைவிட்டே போய்விடுவதாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

இருபத்து மூன்றாம் நாள் தன்பீருக்குப் பொறுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, விரலால் மணலை விலக்கி, ஒரு குட்டியை எடுத்தார். நகத்தால் அழுத்தினார், கெட்டியாக இருந்தது. அடியில் நூல் மாதிரி இரண்டு வெள்ளை வேர். அதைத் திரும்ப வைத்து மூடினார்.

அந்த வாரக் கடைசியில் ஊசி ஊசியாய் முளை வந்தது. மொத்தம் நூற்றுமுப்பத்தேழு. இரண்டு இலை விட்ட பிறகுதான் கடுகுப் பிண்ணாக்கை ஊறவைத்து, பத்துப் பங்கு தண்ணீர் விட்டு ஊற்றத் தொடங்கினாள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. ஆகஸ்டில் திதி வந்தது. பூ இல்லை, புல் போன்ற இலைகள்தான் இருந்தன. தன்பீர் சாமந்தி வாங்கி வந்து படைத்தார்.

அடுத்த வருஷம் நாற்பது செடிகள் பூத்தன. அந்தக் குளிர்காலத்தில் கிழங்கெடுத்தபோது தன்பீர் அவற்றை இரண்டு கூடையாகப் பிரித்தார். நடந்ததைப் பற்றி அதுவரை அவர் ஒரு சொல் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை. ஒரு கூடையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சா மறுபடியும் போயிடும். பாதிய உன் நெலத்துல வை."

நிம்கித் கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.