குமாஸோவைத் தெருவில் எடுத்த தகப்பன்

எங்கள் துறைமுகத்தில் முடிவெட்டும் குமாஸோவை, பெற்றவர்கள் வயிற்றுவலி மாத்திரைக்கு விற்றுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எத்தனை மாத்திரை என்பதில்தான் கருத்து வேறுபாடு. விசாரிக்கக் கிளம்பினேன். முதலில் குமாஸோ. சவரக்கத்தி என் தொண்டையில் இருந்ததால், அவர் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டேன். பிறகு அவருடைய அம்மா தாத்ஸுயேவிடம் போனேன்.

"விக்கிறதாவது! முறையா ரோட்டுல போட்டோம்யா!" என்றார் பெருமையாக.

அப்பனுக்கு நாற்பத்திரண்டு நடக்கையில் பிறக்கும் ஆண்பிள்ளைக்குத் தோஷம். முறத்தில் வைத்து நாற்சந்தியில் போட்டுவிட வேண்டும். பேசிவைத்த ஒருவர் எடுத்துப்போய்த் திருப்பித் தருவார். அவர்தான் 'ஹிரோய்-ஓயா'. ஹிரோய் என்றால் கீழே கிடப்பதை எடுப்பது; ஓயா என்றால் பெற்றவர். இப்போது இந்தச் சொல்லை அகராதிக்காரர்கள்தான் தூசி தட்டுகிறார்கள். அது பிறந்ததோ முறத்துக்குள்.

குமாஸோவை எடுக்கவேண்டியவர், ஏழு பிள்ளை பெற்ற அரிசிக்கடை இசொபே. வழியில் கோயில் பிக்கு எதிர்ப்பட்டார். இவர் குனிந்து வணங்கினார். அவர் இன்னும் குனிந்தார். முதலில் நிமிர்பவன் மரியாதை கெட்டவன் ஆயிற்றே! இருவரும் குனிந்திருந்த நேரத்தில், வெளியூர் மாத்திரை வியாபாரி ஹிகோதா பிள்ளையை முறத்தோடு தூக்கிக்கொண்டார்.

மரத்தின் பின்னால் ஒளிந்திருந்த தாத்ஸுயே ஓடிவந்தார். "ஐயா, அது எம்பிள்ளை!"

"ரோட்டுல போட்டது யாரு?"

"நாங்கதான்."

"வெக்கமில்லாம சொல்றியேம்மா! தரமாட்டேன் போ."

முதலில் எடுத்தவரே தகப்பன். அவர் மனசார நீட்டாமல் பிடுங்கினால் தோஷம் பிள்ளையோடே வீட்டுக்கு வந்துவிடும். தாத்ஸுயே கையைப் பிசைந்தார். இசொபே முதுகைப் பிடித்தபடி வந்து, "நான் எடுக்கவேண்டிய பிள்ளைய்யா இது!" என்றார்.

"ஓ, நீயும் கூட்டா?"

பிள்ளை வீறிட்டது. தாத்ஸுயேவின் மேலாடை பாலில் நனைந்தது. அதைப் பார்த்ததும் ஹிகோதா இறங்கிவந்தார். "இந்தா, பசியாத்து. ஆனா பேரு நாந்தான் வைப்பேன்."

அவர் விற்பதில் உசத்தி, வயிற்றுவலிக்கான கரடிப்பித்த மாத்திரை. கரடி என்றால் குமா. ஆகவே குமாஸோ. பிள்ளையோடு ஒரு பொட்டலம் மாத்திரையும் தந்தார். ஊர் அதைத்தான் விலையாக்கிவிட்டது. வருஷாவருஷம் வந்தார். குமாஸோவின் கல்யாணத்தில் அப்பா இடத்தில் உட்கார்ந்து அழுததும் அவரே.

ஒரு விஷயம் பாக்கி. பிள்ளையை எடுக்கக் கூலியாக இசொபே முன்கூட்டியே தாத்ஸுயேவிடம் ஒரு முழுச் சூரைக் கருவாடு வாங்கியிருக்கிறார். நாற்பத்தைந்து வருஷமாகத் தாத்ஸுயே திருப்பிக் கேட்கிறார்.

"அதுக்கென்ன," என்கிறார் இசொபே, "அடுத்த பிள்ளையைப் போடுங்க, கழிச்சுக்கலாம்."

தாத்ஸுயேவுக்கு எழுபத்தாறு நடக்கிறது.