அண்ணன் என்னிடம் நீட்டிய காகிதத் துண்டுகள்

எங்கள் அண்ணனின் காரியத்துக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! பதினாறு நாள் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. ஊரெல்லாம் மணக்க வைத்தவர், சமையலறை முழுக்க கேஸ் கசிந்திருந்தது தெரியாமல் அடுப்பைப் பற்ற வைத்தார்.

அண்ணன் வளவனூரில் பிறந்தார். விழுப்புரத்தில் வேதியியல் படித்துவிட்டு, திண்டிவனத்தில் ஊதுவத்திக்கு வாசனை கலக்கும் கூடம் ஒன்றில் சேர்ந்தார். கடைசிவரை அங்கேயே இருந்தார். நாலைந்து தைலங்களுக்கு மேல் போனால் "இது வாசன இல்ல, சந்த" என்பார். கலவையைக் காகிதத் துண்டில் தொட்டு ஒரு நாள் முழுக்க வைத்திருப்பார். "மொதல்ல வர்றது விருந்தாளி. மறுநா காலையில நிக்கிறான் பாரு, அவன்தான் ஊட்டுக்காரன்" என்பார். ஈர மண்ணோடு பிடுங்கிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடியின் மணத்தை ஊதுவத்தியில் கொண்டுவந்தபோது, "சாமிக்கு எவன்யா மல்லாட்டைய கொளுத்துவான்?" என்று முதலாளி சிரித்தார். அனந்தபுரம் கடைகளில் அதுதான் முதலில் தீர்ந்தது.

அந்தக் காகிதத் துண்டுகளை முன்பெல்லாம் யாரையும் தொட விடமாட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போன பிறகு, ஞாயிறுதோறும் விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்து, அவற்றை என் மூக்கருகே நீட்டத் தொடங்கினார். "பூ பேரு சொல்லாத. யாரு ஞாபகம் வருதுன்னு சொல்லு" என்பார். வயதாக ஆகத் தங்கை மேல் பாசம் கூடிவிட்டது என்று நினைத்தேன். "சளி புடிச்ச மூக்குக்கு வந்த வாழ்வப் பாரு" என்று கேலி செய்துகொண்டே சொல்வேன். அண்ணி வைத்த குழம்பு தீய்ந்த நாளிலும் பிரமாதம் என்று சாப்பிட்டவரை, தங்கமான மனிதர் என்று மெச்சிக்கொண்டோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அன்று காலை அண்ணி பனமலைக் கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணன் டீ போடப் போனார்.

மருத்துவமனையில் கண்களுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். என் குரல் கேட்டதும், "எனுக்கு மூக்கு செத்துப்போயி நாலு வருசம் ஆவுதும்மா. சொன்னா வேலய வுட்டு அனுப்பிடுவாங்கன்னு பயம். உன் மூக்க வச்சிக்கினு ஓட்டிக்கினு இருந்தேன்" என்றார். தலையில் இடி விழுந்ததுபோல் நின்றேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. கூடப் பிறந்தவளிடம் சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தால் அந்த வீட்டில் கேஸ் அடுப்பையே வைக்க விட்டிருப்பேனா?

தீயை அணைத்து அண்ணனைத் தூக்கிச் சென்ற அக்கம்பக்கத்தாருக்கும், வேலையைப் போட்டுவிட்டு மூன்று நாளும் மருத்துவமனை வாசலில் நின்ற அவருடைய கூட்டாளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர்கூடக் கேட்டு வைக்காத ஒரு செவிலியருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் பகலில், "இங்க இன்னா வாசன அடிக்குது?" என்று அண்ணன் கேட்டார். அங்கே அடித்ததை அவரிடம் எப்படிச் சொல்வேன்? நான்கு வருடம் உள்ளதை உள்ளபடி சொன்னவள், முதல்முறையாகப் பொய் சொன்னேன். "நர்சம்மா தலையில மல்லிப்பூண்ணா."

"இன்னிக்கி வச்சதா, நேத்து வச்சதா?"

நான் பக்கத்தில் நின்ற செவிலியரை நிமிர்ந்து பார்த்தேன். தலையில் பூவே வைத்திராத அந்தச் செவிலியர் குனிந்து, "நேத்து வச்சதுங்கய்யா, வாடிப்போச்சு" என்றார்.

"அதான பாத்தேன்" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.