மதியம் ரெய்டு

தமிழ்வாணி எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பாள். "எது போனா அழுவீங்க?" எத்தனை டெராபைட் வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அலங்காநல்லூர்க்காரி. ஸ்கேன் சென்டர், பள்ளிக்கூடம், மில் ஆபீஸ் என்று மதுரை முழுக்க ஸ்கூட்டியில் சுற்றி, சர்வர்களுக்கு டிஸ்க் திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். கறாரானவள். காபி கொடுத்தால்கூட, கேபிள் இல்லாத மேசையாகப் பார்த்து நகர்த்தி வைத்துவிட்டுத்தான் குடிப்பாள். பழங்காநத்தத்தில் உள்ள எங்கள் கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்கு வந்தபோதும் அதையே கேட்டாள்.

"எது போனாலும் அழுவோம்" என்றார் என் கணவர் கிரிதர். எதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

நான் சொன்னேன்: எழுமலை மீனாவின் கல்யாணம். அவளுடைய அப்பா முத்திருளன், கல்யாணம் முடிந்த சில நாட்களில் மாரடைப்பில் போய்விட்டார். பருத்திக்காடே கதி என்று கிடந்த மனிதர். அவர் பேசி நடமாடுகிற படம் வேறெங்கும் கிடையாது. துக்கத்தில் இருந்ததால் மீனா இன்னும் வீடியோவை வாங்க வரவில்லை. ஆனால் அடிக்கடி போன் செய்வாள். "அக்கா, அப்பா பத்திரமா இருக்காருல்ல?" அந்தப் படம் இருந்த பழைய டிஸ்க் டக்டக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. "இருக்காரும்மா" என்று சொல்லிவிட்டு, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு சர்வர் பெட்டியில் ஆறு டிஸ்க்கைச் சேர்த்து ஒரே கட்டாக வைப்பது என்று தமிழ்வாணி திட்டம் போட்டாள். ரெய்டு என்று அதற்குப் பெயர். நாலு டிஸ்க் அளவுக்குத்தான் படங்கள் கொள்ளும். மிச்ச இரண்டின் இடம், ஏதாவது டிஸ்க் செத்துப்போனால் அதில் இருந்ததைக் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்வதற்கு. கிரிதரின் முகம் சுருங்கியது.

"அப்ப ரெண்டு டிஸ்க் தண்டமாம்மா?"

"தண்டமில்லண்ணே. ரெண்டு செத்தாலும் உங்க படம் சாகாது. மூணாவது செத்தா நான் வந்தும் பிரயோசனமில்ல."

டிஸ்க்குகளை வேறு வேறு கடைகளில் வாங்க வைத்தாள். ஒரே சமயத்தில் செய்து ஒரே பெட்டியில் வந்தவை, சில சமயம் ஒன்றாகவே படுத்துக்கொள்ளுமாம். அது போக, ரெய்டை மட்டும் நம்பக் கூடாது, எல்லாவற்றுக்கும் வெளியே தனியாக ஒரு நகல் வேண்டும் என்றாள். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. "ஆடி கழியட்டும்மா, புதுசா எதுவும் வாங்கக் கூடாது" என்றார் கிரிதர். ஆடித் தள்ளுபடியில் தனக்குச் சட்டை எடுத்துக்கொண்ட மனிதர்தான்.

பழைய டிஸ்க்கிலிருந்து மீனாவின் கல்யாணத்தை தமிழ்வாணி பக்குவமாக எடுத்துக் கட்டுக்குள் சேர்த்தாள். அதோடு பழையது நின்றுபோனது. இனி முத்திருளன் இருப்பது இந்த ஆறு டிஸ்க்கில் மட்டும்தான்.

ஆடி நடுவில் ஒரு காலை, சர்வர் கீ கீ என்று கத்தியது. ஒரு டிஸ்க்கில் சிவப்பு விளக்கு. சத்தத்தை அமுக்கிவிட்டு, ஸ்பீக்கரில் தமிழ்வாணியைக் கூப்பிட்டேன்.

"பதறாதீங்கக்கா. ரெய்டு இருக்குல்ல, மதியம் வாரேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொட வேணாம்."

கல்லாவில் என் மாமனார் சொக்கநாதன் உட்கார்ந்திருந்தார். வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரெய்டு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். அது மதியம் வருகிறது, எதையும் தொடக் கூடாது என்று வேறு சொல்கிறார்கள். வருகிறவர்கள் முதலில் எதைத் தூக்குவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன! நான் எடிட்டிங் அறைக்குள் போன நேரம் பார்த்து, மஞ்சப்பையோடு சர்வரிடம் போய், ஓடிக்கொண்டிருந்த ஒரு நல்ல டிஸ்க்கை உருவிவிட்டார்.

சர்வர் மறுபடி கத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால், மாமாவின் கை அடுத்த டிஸ்க்கின் பிடியில் இருந்தது.

"மாமா! கைய எடுங்க!" அவரிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை.

"வந்துட்டாங்களாம்மா?" என்றார்.

நான் அழுதுகொண்டே போன் செய்ததும் தமிழ்வாணி உடனே கிளம்பி வந்துவிட்டாள். மஞ்சப்பையைப் பார்த்தாள்.

"ஐயா, எத்தன உருவுனீங்க?"

"ஒண்ணுதாம்மா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டு போச்சு. உருவுனதத் திருப்பிச் செருகுனாலும் உடனே சேராது. இனி ஒண்ணுகூடப் போகக் கூடாது. சரி பண்றதெல்லாம் அப்புறம், மொதல்ல அந்தப் படம் வெளிய வரணும். அண்ணே, ஒரு புது டிஸ்க் வாங்கிட்டு வாங்க."

ஆடியாவது ஒன்றாவது என்று கிரிதர் வண்டியை எடுத்தார். நகல் ஓடியபோது பச்சை விளக்குகளை விட்டு என் கண் நகரவில்லை. அவ்வளவு பயம். மாமா நெற்றி நிறைய விபூதியோடு பக்கத்திலேயே நின்றார்.

எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று திரை சொன்னது. தமிழ்வாணிக்கு அது போதவில்லை. யாருடைய படமோ அவர்களே பார்த்துச் சொன்னால்தான் அவளுக்கு வேலை முடிந்த மாதிரி. "அந்தப் பிள்ளைக்கு வீடியோ கால் போடுங்கக்கா" என்றாள்.

மீனா எடுத்தாள். படம் சரியாக இருக்கிறதா பார்த்துச் சொல் என்று மட்டும் சொல்லி, போனைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். தாலி கட்டி முடிந்த கூட்டம். முத்திருளன் எங்கள் கேமராக்காரரை ஒதுக்கிவிட்டு, மணமேடையில் இருந்த மகளிடம் குனிந்தார்.

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையே ஆத்தா, பசிக்குதா?"

போனில் மீனாவின் முகம் கிட்டே வந்தது.

"இல்லப்பா" என்றாள் மீனா. "இப்பத்தான் சாப்ட்டேன்."