தாவுகிற புள்ளி

டெப்போவில் அவருக்கு வைத்த பெயர் ஹாரன். இருபத்து மூன்று வருஷம் பஸ் ஓட்டியவர். வண்டியில் ஹாரன் வேலை செய்யாத நாளில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தியே வழி வாங்கிக்கொண்டு போவார். இனி கிளச்சை மிதிக்க மாட்டேன் என்று இடது முழங்கால் அடம் பிடித்தது. டாக்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார், ஆபீஸ் இன்னொரு தாளில் போட்டது, ஹாரன் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்தார்.

ஓட்டுகிற காலத்தில் அந்த அறை என்றாலே அவருக்கு ஆகாது. ஏசியில் உட்கார்ந்துகொண்டு ஏன் லேட் என்று கேட்கிற கூட்டம் என்பார். இப்போது அதே ஏசியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவரே உட்கார்ந்திருந்தார்.

ஜன்னலே இல்லாத அறை. முன்சுவர் முழுக்கத் திரை, அதில் ஊரே கோடு கோடாகக் கிடக்கும். கோட்டின்மேல் ஊர்கிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு பஸ். நேரத்துக்குப் போனால் பச்சை, தாமதமானால் மஞ்சள், நின்றுவிட்டால் சிவப்பு. எட்டு மேஜை, எட்டுப் பேர், ஆளுக்கு நாற்பது புள்ளி. வண்டி படுத்துவிட்டால் மாற்று வண்டி அனுப்ப வேண்டும். ரோட்டில் குழாய் உடைந்தால் சுற்றுவழி சொல்ல வேண்டும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மனைவி கேட்டதற்குப் புள்ளி மேய்க்கிறேன் என்றார். வீட்டில் இரண்டு இருக்கிறது, அதையும் கொஞ்சம் மேயுங்கள் என்றாள் அவள்.

வந்த மாதமே அந்தச் சுவர் அவரைப் பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் ஒரு பஸ்ஸும் வராது, வந்தால் இரண்டு சேர்ந்து வரும் என்று ஜனங்கள் திட்டுவார்களே, அதற்குக் காரணம் இங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது. முன்வண்டி இரண்டு நிமிஷம் பிந்தினால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேரும். கூட்டம் ஏற நேரமாகும், இன்னும் பிந்தும். பின்வண்டிக்கு ஏற ஆளே இருக்காது, ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் பின்வண்டியை ஒரு நிறுத்தத்தில் பிடித்து வைக்க வேண்டும். இவ்வளவு வருஷம் ஓட்டியும் இது தெரியாமல் போச்சே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போதுதான் பதினேழாம் நம்பர் வந்து மாட்டியது. புதிதாக விட்ட ட்ரிப். காலை ஏழரைக்கு ஒரே ஒரு தடவை, மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிற ரோடு வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகும். வேறெந்த பஸ்ஸும் அந்த ரோட்டில் போகாது. ஓட்டுவது ஒரு பெண், வேலைக்கு வந்து நாலு வருஷம். தினமும் அந்தப் புள்ளி பாலத்தின் வாயில் போய்ச் சிவப்பாகும். நாலு நிமிஷம் அசையாது. அங்கே நிறுத்தமும் கிடையாது, சிக்னலும் கிடையாது. மூன்று நிமிஷத்துக்கு மேல் நின்றால் ரேடியோவில் கூப்பிட வேண்டும், பதில் இல்லையென்றால் எழுத வேண்டும். இதுதான் விதி. ஹாரன் கூப்பிட்டார், பதில் இல்லை. எழுதினார். மூன்று நாள், மூன்று முறை. மூன்றும் அப்படியே மெமோவாகி அவள் கைக்குப் போயின.

நான் எங்கேயும் நிற்கவில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தாள். நிற்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள் என்று ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை விசாரணை. மூன்று மெமோ என்றால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஹாரன் அந்தப் புள்ளியையே கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பானது, நின்றது, பிறகு ஒரே தாவலில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நின்ற வண்டி கிளம்பினால் முதலில் ஊரும், பிறகுதான் ஓடும். பன்னிரண்டு டன் பஸ் எங்காவது தாவுமா? பக்கத்து மேஜைக்காரனிடம் சொன்னார். அவனுக்குக் கண்ணாடி என்று பெயர், போட்டிருக்கிற பூதக்கண்ணாடியால். திரை சில சமயம் அப்படித்தான் என்று அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

புதன்கிழமை அவருக்கு லீவு. லீவு நாளிலும் பஸ்ஸா என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஏழரைக்குப் பதினேழில் ஏறினார். டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, இன்னிக்கு நேர்லயே எழுத வந்துட்டீங்களா?"

ஹாரன் முன்சீட்டில் உட்கார்ந்தார். பஸ் பாலத்துக்கு அடியில் நுழைந்தது. தலைக்கு மேல் காங்கிரீட், இரண்டு பக்கமும் கனமான தூண்கள், வானம் பொட்டுக்கூடத் தெரியவில்லை. அவர் செல்போனில் கண்ணாடியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டார். பதினேழு எங்கே நிற்கிறது என்று கேட்டார்.

"பாலத்து வாயில அண்ணே. செவப்பு. ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"நான் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கேன். முப்பதுல போய்க்கிட்டிருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, வேற எந்த வண்டியிலயாவது ஏறிட்டீங்களா?"

ரேடியோவில் கூப்பிடு என்றார் ஹாரன். கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறேன் என்றான் கண்ணாடி. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த ரேடியோ உஸ் என்று இரைந்ததே தவிர ஒரு வார்த்தை வரவில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்று திரைக்குச் சொல்கிற கருவி கூரையில் இருக்கிறது, அதற்கு மேலே வானம் தெரிய வேண்டும். இரண்டு கிலோமீட்டர் பாலம் அதையும் மூடிவிட்டது, ரேடியோவையும் மூடிவிட்டது; செல்போனுக்கு மட்டும் பக்கத்திலேயே டவர் இருந்தது. வண்டி எங்கே என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்ல அந்தத் திரைக்கு வாய் இல்லை. கடைசியாகப் பார்த்த இடத்திலேயே புள்ளியை வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். பஸ் வெளிச்சத்துக்கு வந்ததும் செல்போனில் கண்ணாடி சொன்னான்: "தாவிடுச்சு அண்ணே."

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மூணு தடவை எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்திருக்கலாமில்ல?"

இருக்கலாம் என்றார் ஹாரன். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை விசாரணையில் அவரே ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. பஸ் நிற்கவில்லை, திரை நின்றது, ரேடியோவும் அங்கே எடுக்காது, நான் பார்க்காமல் எழுதியது மூன்றும் தப்பு. மேலதிகாரி அம்மா அவரைப் பார்த்து, உங்களுக்கே இங்கே ஆறு மாதத் தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லையே, யோசித்துத்தான் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். கண்ணால் பார்த்ததைக் கொடுக்கிறேன் மேடம் என்றார் ஹாரன். அந்த அம்மா கண்ணாடியையும் கூப்பிட்டு விசாரித்தார், திரையில் பதிவானதைப் போட்டுப் பார்த்தார். மூன்று மெமோவையும் கோடு போட்டு அடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை. பதினேழு பாலத்து வாயில் சிவப்பானது. ஹாரன் ரேடியோவைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. முட்டாள் புள்ளி என்று தெரிந்தும் இடது கால் தானாக, இல்லாத கிளச்சைத் தேடியது. நாலாவது நிமிஷம் புள்ளி தாவியது. ரேடியோ கரகரத்தது.

"கன்ட்ரோல், பதினேழு பேசறேன். நான் எங்கயும் நிக்கலை."

"தெரியும்மா," என்றார் ஹாரன். "போய்க்கிட்டே இரு."